சடங்கு முடிந்த பிள்ளை

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த காலத்திலேயே அதற்காக வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்கு வந்த பிறகு அந்தத் துடுக்குதான் கைகொடுத்தது. கூச்சப்படுகிற பெண்களிடம் நாமும் கூச்சப்பட்டால் காரியம் நடக்காது. ஜெபராணி சிஸ்டர் என்றால் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் என்று கடமலைக்குண்டுப் பக்கம் எல்லா ஊரிலும் பேர். அந்தப் பேரில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. இப்போது இல்லை.

2006-ஆம் வருஷம் வளரிளம் பெண்களுக்கான சுகாதார வகுப்பு என்று ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ஒன்று விட்ட வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிட்டு, எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் உட்கார வைப்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பேன், எடை பார்ப்பேன், மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லாததையெல்லாம் சொல்வேன். உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற அறிவியல் டீச்சர் மெகருன்னிசா, புத்தகத்தில் அந்தப் பாடம் வரும்போது வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். "எனக்கு வாயே வர மாட்டேங்குது சிஸ்டர், நீங்களே நடத்திருங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

வாயைத் திறந்து கேள்வி கேட்க எந்தப் பிள்ளைக்கும் தைரியம் இல்லை. தனியாக என்னிடம் வந்து பேசினால், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசிவிடும். அதனால் குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு ஓட்டை போட்டு, பெண்கள் தண்ணீர் குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பேர் எழுதாமல் சீட்டுப் போடலாம். வகுப்பில் நான் சீட்டைச் சத்தமாக வாசித்துப் பதில் சொல்வேன்.

முதல் வகுப்பில் நாலு சீட்டு வந்தது. மூன்றாவது வகுப்பில் முப்பது. "அந்த நாட்களில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகுமா?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "ஊறுகா கெட்டுப்போறதுக்கு உப்பு கொறஞ்சா போதும் தாயி, அதுக்கு நீ வேணாம்" என்றேன். ஹாலே அதிர்ந்தது. வெள்ளைப்படுவது பற்றி, மார்பு வளராதது பற்றி, மாமா முறைக்காரன் தொட்டது பற்றியெல்லாம் சீட்டு வந்தது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் நான் சிரிக்க வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தேன். வட்டார மருத்துவ அலுவலர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மற்ற செவிலியர்களும் இப்படி நடத்த வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. எடை, உயரம், ரத்தத்தின் அளவு, வயதுக்கு வந்த தேதி. மற்றப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். ஒச்சம்மாளிடம் மட்டும் கேட்கவில்லை. அது நானே போய்க் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்த சடங்கு.

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கிற குடியிருப்பில் ஒச்சம்மாளின் வீடு. அப்பா வீரணன் கேரளாவில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை, மாதம் ஒருதரம் வருவார். அம்மா கஸ்தூரியம்மாள் தோட்ட வேலைக்குப் போகிறவள். ஒச்சம்மாளுக்குக் குலசாமி பேர். ஒன்றரை வயது இளையவளுக்கு நாகரிகமாக ஓவியா என்று வைத்திருந்தார்கள். அந்த வருஷம் தை மாதம், ஒச்சம்மாள் ஒன்பதாவது படித்தபோது, அவளுக்குச் சடங்கு நடந்தது. தாய்மாமன் மொக்கைச்சாமி டிராக்டர் நிறைய சீர்த்தட்டு அடுக்கி, கொட்டடித்துக்கொண்டு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, "எம் மகன் அருண்பாண்டிக்குத்தான் இவ" என்று சபையிலேயே சொன்னார். ஒச்சம்மாள் பட்டுச்சேலையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். நானும் இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தத் தேதியைத்தான் அட்டையில் எழுதினேன்.

பத்தாவதில் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. மாதா மாதம் வரும். வகுப்பு நாளில் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நிற்பாள்.

"நாளாத்தா?"

"ஆமா சிஸ்டர்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். வெந்நியக் குடி, மாத்திரையப் போடு" என்று கொடுத்து அனுப்பிவிடுவேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஒருதரம் கேட்டால் தலையாட்டுகிற பிள்ளையை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை அந்தச் சீட்டு வந்தது. நோட்டில் கிழித்த தாள், நாலாக மடித்திருந்தது. "வயதுக்கு வராமலே சடங்கு வைத்துவிட்டால், பிறகு தானாக வந்துவிடுமா?"

வாசித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதென்னடி கூத்தா இருக்கு! எலயப் போட்டுட்டு அதுக்கப்புறமா நெல்லு நாத்து விடுவாகளா?" என்றேன். நூற்றைம்பது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "எந்த மகராசி வீட்டுல இது? சொந்த அண்ணன் தம்பியவே ஏமாத்திச் சீரு வாங்குனது? பத்திரிகையில போடணும்யா!" என்றேன். மறுபடி சிரிப்பு. சீட்டைக் கசக்கிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

வகுப்பு முடிந்து போகும்போது மெகருன்னிசா டீச்சர் என் கையைப் பிடித்தார். "சிஸ்டர், அது நெசமாவே கேட்டதோன்னு இருக்கு. அந்தக் கேள்வியில ஒரு பயம் தெரிஞ்சுச்சு."

"எந்தத் தாயாவது அப்பிடிச் செய்வாளா டீச்சர்? குசும்புக்கு எழுதிருக்கும் கழுதை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு ஒச்சம்மாள் மாத்திரைக்கு வரவில்லை. வலி சரியாகிவிட்டது போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். பரீட்சை வந்தது, கோடை லீவு வந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து நான் போனபோது, ஒச்சம்மாள் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கியிருந்தாள். பதினொன்றாவதுக்கு மட்டும் வரவில்லை.

"அவளுக்கு வைகாசியில மாமன் மகனோட கல்யாணம் முடிஞ்சிருச்சு சிஸ்டர்" என்றாள் அவளோடு படித்த பெண்.

பதினாறு வயது. எனக்குத் தலை சூடாகிவிட்டது. நேரே கஸ்தூரியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கஸ்தூரி, பதினாறு வயசுப் பிள்ளைய எப்பிடிக் கட்டிக் குடுப்ப? எழுதிப் போட்டா நீயும் ஒன் அண்ணனும் உள்ள போகணும், தெரியுமா?"

"எழுதிப் போடுங்க நர்சம்மா. போறேன். அங்கனயாச்சும் நிம்மதியாக் கெடக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

உள்ளே யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒச்சம்மாள் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தாள். கழுத்தில் புதுத் தாலி. கல்யாணமான பதினெட்டாம் நாள் மாமன் வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம், இவள் குடும்பம் நடத்துவதற்கு ஆகமாட்டாள், பெண்பிள்ளையே இல்லை என்று சொல்லி.

முதல்முறையாக அவள் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி இருந்தது. ஒன்றுக்குப் போய் ஒரு பகல் ஆகிவிட்டது என்றாள். போக முடியவில்லை.

"கடைசியா எப்பத்தா நாளானது?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரியம்மாள் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"அவ இன்னும் ஆகவே இல்ல நர்சம்மா."

துண்டு துண்டாகச் சொன்னாள். சடங்குக்கு முந்தின மாதம் ஆனவள் ஓவியா. சின்னவள் முந்திக்கொண்டாள் என்று தெரிந்தால் பெரியவளை ஒரு மாதிரியாகப் பேசுவார்கள், மாமன் வீட்டில் எடுக்க மாட்டார்கள். எப்படியும் இன்னும் இரண்டு மாதத்தில் வயதுக்கு வந்துவிடப் போகிறாள், கொஞ்சம் முன்னாடியே சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாளாம். ஓவியாவை வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிவிட்டு, ஒச்சம்மாள் ஆகிவிட்டாள் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். ஓவியாவுக்கு ஆறு மாதம் கழித்து, அப்போதுதான் ஆனதாகச் சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு மாதம் நாலு மாதமானது, ஒரு வருஷமானது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் எப்போது ஆனாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். என்ன சொல்வது? வீரணனுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

ஜீப் பிடித்து க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். பிறவியிலேயே வழியை ஒரு மெல்லிய தோல் அடைத்திருக்கிறது, மாதா மாதம் வரவேண்டிய ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகி இருக்கிறது என்றார். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி இருக்குமாம். ஒச்சம்மாள் எல்லாப் பெண்களையும் போலத்தான் ஆகியிருந்திருக்கிறாள். வெளியே வர வழி இல்லாமல் இருந்திருக்கிறது.

"பத்து நிமிஷ ஆபரேஷன். போன வருஷமே கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் பிள்ளை இவ்வளவு வலி பட்டிருக்க வேண்டாம். ஸ்கூலுக்குப் போய்ட்டிருந்த பொண்ணுதானே? உங்க ஏரியா நர்ஸ் யாரு?"

"நாந்தான் மேடம்" என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தாள். பல மாதம் கழித்து வலி இல்லாமல் கிடக்கிற முகம். தாயார் டீ வாங்கப் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்தச் சீட்டு நான் எழுதுனது சிஸ்டர்."

எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஜீப்பில் வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது அந்த ஹாலும் சிரிப்பும் கண் முன்னால் வந்து நின்றன. நூற்றைம்பது பேருக்கு நடுவில், அவளும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள்.

"பெறகு தனியா வந்து கேட்டிருக்கலாமேத்தா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க எங்கம்மாவ ஏமாத்துக்காரின்னு சொன்னீக. எங்கம்மா அப்பிடிப்பட்ட ஆளு இல்ல சிஸ்டர். எனக்காகத்தான் செஞ்சுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். பெரிய மனுஷி மாதிரி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை என்னைத் திட்டவே இல்லை, இன்றுவரை.

நான் செய்ததற்குப் பரிகாரம் ஒன்று என் கையில் இருப்பதாக நினைத்தேன். மொக்கைச்சாமியிடம் போய், உங்கள் தங்கச்சி மகள் குறையில்லாத பெண், இருந்தது சின்ன அடைப்பு, அதையும் சரி செய்தாகிவிட்டது என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிச் சொல்லிவிட வேண்டியது. கல்யாணம் நிற்கட்டும், போகட்டும், பதினெட்டு வயதுவரை அவள் படிக்கட்டும். பேராவது மிஞ்சுமே.

சொன்னதும் தாயும் மகளும் சேர்ந்து என்னைத் தடுத்தார்கள்.

"எங்க அண்ணன் முட்டாளா நர்சம்மா? வழியே இல்லாதவ எப்பிடி ஆனா, எந்தச் சடங்குக்குடி நான் சீரு கொண்டாந்தேன்னு கேப்பாருல?" என்றாள் கஸ்தூரியம்மாள். "குலசாமி சாட்சியா மால போட்டாக. பொய்ச் சடங்கு வச்ச வீடுன்னு ஆயிரும். ஓவியாவ எவன் வந்து எடுப்பான்? எம் புருசன் என்னைய வெட்டியே போடுவாரு."

"நீ சொல்லுத்தா" என்று ஒச்சம்மாளைப் பார்த்துக் கேட்டேன். "ஒன்னையப் பொம்பளையே இல்லேன்னு ஊரே பேசும். பதினொண்ணாவது சேந்தா அங்கனயும் வந்து பேசுவாக. கட்டையில போற வரைக்கும் பேசுவாக. தாங்குவியா?"

"எங்கம்மாவப் பேசுறத என்னால தாங்க முடியாது சிஸ்டர்" என்றாள். "நீங்க சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

எத்தனையோ பெண்களின் ரகசியம் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. அதில் எதற்கும் நான் சத்தியம் பண்ணியதில்லை. இதற்குப் பண்ணினேன்.

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து, கல்யாணத்தை முறித்து அத்துவிடுகிற கூட்டம் போட்டார்கள். ஊர் மந்தையில் வேப்பமரத்தடியில், காலை பத்து மணிக்கு. பத்துப் பதினைந்து பெரிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அருண்பாண்டி தலையைத் தூக்கவில்லை. வீரணன் எஸ்டேட்டிலிருந்து வந்து, மகளைப் பெற்ற பாவத்துக்கு நிற்பவரைப் போல ஓரமாக நின்றிருந்தார். பெண்கள் பக்கத்தில் ஒச்சம்மாளோடு நான் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வரச் சொல்லி அவள்தான் ஓவியாவை விட்டுக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள்.

கூட்டம் ஆரம்பிக்கிற நேரம், என் காதுப்பக்கம் குனிந்தாள்.

"சிஸ்டர், காலையில வந்துருச்சு. தானா வந்துருச்சு."

ஒரு பெண் ஆனவுடன் முதலில் தாய்மாமனுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அந்தத் தாய்மாமன் பத்தடி தள்ளி, எங்களுக்கு எதிரே துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "வலிக்குதாத்தா?" என்று மட்டும் கேட்டேன். "கொஞ்சந்தான்" என்றாள்.

மொக்கைச்சாமி எழுந்து பேசினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். கூடப்பிறந்தவள் மகள் என்று ஆசை ஆசையாக மாலை போட்டேன், இப்படி ஒரு குறை இருக்கும் என்று நினைக்கவில்லை, மகன் வாழ்க்கையையும் பார்க்க வேண்டுமே என்றார். பெரிய ஆள் ஒருத்தர், பெண் வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். வீரணன் மனைவியைப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மாவையே கேட்டுருவோம்" என்றார் அந்தப் பெரியவர். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவுகதான். கெவர்மெண்டு ஆளு, பொய் சொல்ல மாட்டாக. நர்சம்மா, நீங்க சொல்லுங்க. டாக்டரு என்ன சொன்னாக? இந்தப் பிள்ள பொம்பளப்பிள்ளைதானா, இல்லையா?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எழுந்து நின்றேன். என் தோள்பையில் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. எனக்குப் பதில் தெரியும், அதில் தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம். வாழ்நாளில் எதற்கும் அடங்காத என் வாய் அதைச் சொல்லிவிடத் துடித்தது. குனிந்து ஒச்சம்மாளைப் பார்த்தேன். மற்றவர்களுக்குத் தெரியாதபடி, மெதுவாக, இல்லை என்று தலையாட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலைங்கய்யா" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நான் சொல்லாததற்கு அவர்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. பெரியவர் சரி என்று தலையசைத்தார். ஒச்சம்மாள் பாவாடையை ஒருமுறை பின்னால் தடவிச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தின் நடுவே நடந்து போய், தாலியைக் கழற்றி இரண்டு கையாலும் மாமனிடம் கொடுத்தாள்.